பார்சி டாக்டரின் எஞ்சின்

பெட்ரோல் பம்பின் ஓரத்தில் நிற்கும் வெள்ளை வேனுக்குள் உட்கார்ந்து முகேஷ் ஒரு நாளைக்கு நூறு வண்டிகளின் புகைக்குழாய்களைப் பார்க்கிறான். குழாய்க்குள் ஒரு கம்பியை நுழைப்பான்; கம்ப்யூட்டர் ஓர் எண்ணைக் காட்டும்; எண் சரியாக இருந்தால் பி.யூ.சி. என்று ஊரே சொல்லும் புகைச் சான்றிதழ் அச்சாகி வரும். அன்று காலை வெங்கடராமனின் ஃபியட்டுக்கு அது வரவில்லை.

“ஃபெயில் அங்கிள். மூணு வரைக்கும்தான் அலவ்ட். உங்களுது அஞ்சு புள்ளி எட்டு.”

“உன் மெஷினைக் கடைசியா எப்போ செக் பண்ணினே?”

“போன மாசம். உங்க வண்டிய?”

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த சுப்புலக்ஷ்மி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பது கணவருக்குத் தெரிய வேண்டாம் என்றுதான்.

“டிராம்பேல சிம்னி சிம்னியா நாள் முழுக்கப் புகை விடறதே, அதுக்குள்ள உன் கம்பியை விட்டுப் பாத்தியோ?” என்றார் வெங்கடராமன்.

“எட்டாது அங்கிள்.”

“அதான் பாத்தேன். கைக்கு எட்டறவா கிட்டதான் சட்டம்.”

இந்த வாக்கியம் அவருக்கே மிகவும் பிடித்துப்போய், மாட்டுங்காவில் வீடு வந்து சேர்வதற்குள் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை கொஞ்சம் திருத்தியும் சொன்னார்.

வெங்கடராமன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் இருந்து டெபுடி மேனேஜராக ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. கார் அவருடைய அப்பா எட்டு வருஷம் காத்திருந்து வாங்கியது. 1975 பிப்ரவரியில் பதிவானது. வெங்கடராமன் அதை ஓட்டுவதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. அதற்கு முன்னால் ஓட்டினார் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். ஓட்டுவது சுப்புலக்ஷ்மி. பக்கத்தில் உட்கார்ந்து “லெஃப்ட்ல ஆட்டோ” என்று அறிவிப்பது வெங்கடராமன். அந்த ஆட்டோவை சுப்புலக்ஷ்மி அரை நிமிஷம் முன்பே பார்த்து ஒதுங்கியிருப்பார்.

மாட்டுங்கா பாரம்பரிய வாகனச் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர் வெங்கடராமன். மொத்த உறுப்பினர்கள் மூன்று பேர். ஓடுகிற கார் ஒன்று. மற்ற இரண்டில் ஒன்று ஏழு வருஷமாகத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது; இன்னொன்று விக்ரோலியில் யாரோ மைத்துனர் வீட்டில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது, பார்த்தவர் கிடையாது. சங்கத்துக்குப் பதினெட்டு விதிகள். அதில் நான்காவது, டாக்ஸியாக ஓடிய வண்டிகளையும் அவற்றின் பாகங்களைக் கொண்ட வண்டிகளையும் சேர்ப்பதற்கில்லை என்கிறது. மும்பையில் ஃபியட் என்றால் பாதிப் பேருக்கு மஞ்சளும் கறுப்புமான டாக்ஸிதான் ஞாபகம் வரும். யாராவது தன் காரைப் பார்த்து “பழைய டாக்ஸியா?” என்று கேட்டுவிடுவார்களோ என்கிற பயத்தில் வெங்கடராமன் பிறந்த குழந்தைக்கு வைப்பது போல அதற்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்காதது ஒன்றுதான் குறை.

பதினைந்து வயது தாண்டிய காரை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மறுபதிவு செய்ய வேண்டும். பசுமை வரி கட்ட வேண்டும், புகைச் சான்றிதழ் வேண்டும், வண்டியை ஆர்.டி.ஓ.வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். முன்பெல்லாம் இதை ஒரு ஏஜென்ட் கவனித்துக்கொண்டார். அவர் காகிதங்களை மட்டும் அழைத்துப் போவார். கார் வீட்டிலேயே இருக்கும். இப்போது ஏஜென்டும் இல்லை, அந்தக் காலமும் இல்லை. எல்லாம் ஆன்லைன், போட்டோ, தேதி, நேரம். போன தடவை கொரோனாவில் தள்ளிப்போனதால் இந்தத் தடவை கெடு 2025 செப்டம்பர் முப்பது. தவறினால் கார் ரோட்டில் இறங்கக் கூடாது.

கெடுவைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டவர் சுப்புலக்ஷ்மிதான். செம்பூரில் அவருடைய அக்கா அபயாம்பாள் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் வலது பக்கம் செயலிழந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. செவ்வாயும் வெள்ளியும் சயானில் ஒரு பிசியோதெரபி கிளினிக்குக்குப் போக வேண்டும். போனில் கூப்பிட்டால் டாக்ஸி வரும். டிரைவர் நாற்காலியைப் பார்ப்பார், டிக்கியைத் திறந்து காட்டுவார். டிக்கி முழுக்க சி.என்.ஜி. சிலிண்டர். ஊர்க் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக வைத்த சிலிண்டர், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலியை மடித்தாலும் அங்கே இடமில்லை. “கேன்சல் கர் தோ, ஆன்ட்டி” என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விடுவார்.

ஃபியட்டின் டிக்கியில் சிலிண்டர் இல்லை. முன் ஸீட்டும் ஒரே நீள பெஞ்சு. கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே இருப்பதால் நடுவில் எதுவும் இடிக்காது. அபயாம்பாளை ஓரத்தில் உட்கார வைத்து மெல்ல உள்ளே நகர்த்திவிட்டால் போதும். இரண்டு வருஷத்தில் ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி தவறவில்லை. போன மாதம் அபயாம்பாள் சுவர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பது எண்ணும்வரை நின்றார்.

வெங்கடராமனுக்குக் கவலை இல்லை. அவர் ஒரு விதியைக் கண்டுபிடித்திருந்தார். ஐம்பது வயது தாண்டி, அசல் நிலை மாறாமல் இருக்கிற கார்களுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு உண்டு. பத்து வருஷம் செல்லும். நம்பர் பிளேட்டிலேயே வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். விதியை அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, காபி வந்ததும் மனைவியிடம் நீட்டினார்.

“கேட்டியா சுப்பு, இது எல்லாருக்கும் கொடுக்கற நம்பர் இல்லே. பிளேட்டைப் பாத்தாலே தெரிஞ்சுப்பா.”

“என்னன்னு?”

“விண்டேஜ்னு.”

“காரைப் பாத்தாலே தெரியறதே. எழுதி வேற ஒட்டணுமா?”

சுப்புலக்ஷ்மி வடாலாவில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கேள்வித்தாளை முதலிலிருந்து கடைசிவரை படிக்காமல் பேனாவைத் தொடாதே என்று இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளிடம் சொன்னவர். கணவர் கோடு போடாத வரிகளை அவர் படித்தார்.

“இங்க ஒண்ணு போட்டிருக்கே. கண்காட்சிக்கு, ராலிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு. இதுக்கு மட்டுந்தான் ரோட்டுல வரலாமாம். மத்தபடி வழக்கமான உபயோகத்துக்குக் கூடாதாம்.”

“வழக்கமாத்தானே கூடாது. நீ போறது செவ்வாய், வெள்ளி.”

“ஏன்னா.”

“கிளினிக் பக்கத்துல பெட்ரோல் பம்ப் இருக்கோல்லியோ? பெட்ரோல் போடப் போறேன்னு சொல்லு.”

“வாரத்துல ரெண்டு நாள், அக்காவை முன்னாடி உக்காத்தி வெச்சுண்டு, டிக்கில நாற்காலியோட, பெட்ரோல் போடப் போறேன்.”

“போலீஸ்காரன் நிறுத்தினா காட்டறதுக்கு ஒரு லெட்டர் டிராஃப்ட் பண்ணித் தரேன்.”

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வெங்கடராமனுக்கு டிராஃப்ட்டுக்காகவே ஒரு பெயர் இருந்தது. ஒரு கடிதத்தை அவர் எழுதி அனுப்பினால் எதிர்த் தரப்பு பதில் போடாது. வாயடைத்துப் போய் என்பது அவருடைய கட்சி. படித்து முடிக்காமல் என்று வேறொரு கட்சியும் அந்த ஆபீஸில் உண்டு.

விண்டேஜ் விண்ணப்பத்தை எழுத அவருக்கு ஒன்பது நாள் ஆனது. கேட்கப்பட்ட காகிதங்கள் நான்கு. அவர் தயார் செய்த இணைப்புகள் பதினான்கு. காருடன் அப்பா நிற்கும் படம், அப்பா இல்லாமல் கார் மட்டும் நிற்கும் படம், 1975இல் கம்பெனி அனுப்பிய வாழ்த்துக் கடிதம். இணைப்பு ஒன்பதுதான் மகுடம்: பராமரிப்புப் பதிவேடு. 1991 வரை அப்பா கையெழுத்து, அதன் பிறகு அவருடையது. எந்தத் தேதியில் எந்த ஸ்பார்க் பிளக் மாற்றப்பட்டது, எந்த டயர் எங்கே பஞ்சர் ஆனது, எல்லாம் ஆங்கிலத்தில், பச்சை மசியில் தலைப்பிட்டு.

“நாலு பேப்பர் கேட்டிருக்கா. நாலு கொடுத்தாப் போறாதா?” என்றார் சுப்புலக்ஷ்மி.

“கேக்கறதுக்கு முன்னாடியே கொடுக்கறதுக்குப் பேர்தான் ஆபீஸ் வேலை.”

விண்டேஜ் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் சாதாரண மறுபதிவுக்கும் சேர்த்து நாள் வாங்க வேண்டும் என்று சுப்புலக்ஷ்மி பிடிவாதமாகச் சொல்லி, போனில் தானே வாங்கினார். இரண்டுக்கும் வண்டியைப் பார்ப்பது ஒரே நாள், செப்டம்பர் பத்து, புதன்கிழமை. 

ஆர்.டி.ஓ. மைதானத்தில் டெம்போக்களுக்கும் ஸ்கூல் பஸ்களுக்கும் நடுவில் ஃபியட் நின்றது. வெங்கடராமன் கோட்டு போட்டு வந்திருந்தார். சோதனை அதிகாரி ஷைஸ்தாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கையில் டார்ச், கழுத்தில் அடையாள அட்டை, வெயிலுக்குத் தொப்பி. இந்தியில் பேசினார். கோப்பின் கனத்தைக் கையில் வாங்கியதும் ஒரு முறை வெங்கடராமனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இணைப்பு ஒன்பதைப் படிக்க ஆரம்பித்தார்.

“அங்கிள், இதெல்லாம் நீங்க எழுதினதா?”

“ஐம்பது வருஷம். ஒரு நாள் விடலை.”

“ரொம்பத் தெளிவா இருக்கு.”

அந்தப் பதிவேட்டை முதல்முதலாக ஒருவர் படிக்கிறார். வெங்கடராமன் கோட்டின் நடுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். ஷைஸ்தா ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தி, உரக்கப் படித்தார். 2005 ஜூலை இருபத்தாறு: கிங்ஸ் சர்க்கிளில் வெள்ளம், டாஷ்போர்டு வரை தண்ணீர். செப்டம்பர் பதினான்கு: தாராவியில் எஞ்சின் மாற்றப்பட்டது, மாற்று எஞ்சின் தாதரைச் சேர்ந்த ஒரு பார்சி டாக்டரின் காரிலிருந்து எடுக்கப்பட்டது, ஒரே உரிமையாளர், மிகக் குறைவாக ஓடியது.

“பானெட்டைத் திறங்க.”

துணியால் எண்ணெயைத் துடைத்து, டார்ச் அடித்து, எஞ்சின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். மறுபடியும் எஞ்சினைப் பார்த்தார்.

“எஞ்சின் வேற, அங்கிள்.”

“அதே மாடல்தான். பார்சி டாக்டருடையது.”

“டாக்டர் யாரா இருந்தாலும் நம்பர் வேற.”

அவர் குரலை உயர்த்தவில்லை. எஞ்சின் மாறிய காரை அசல் நிலை என்று எழுத முடியாது, அதனால் விண்டேஜ் இல்லை என்றார். சாதாரண மறுபதிவும் இப்போதைக்கு இல்லை. எஞ்சின் மாற்றத்தை முதலில் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதற்கு அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான காகிதம், மெக்கானிக்கின் கடிதம், உரிமையாளரின் பிரமாணப் பத்திரம் ஆகிய மூன்றும் வேண்டும். புகைச் சான்றிதழும். வியாழக்கிழமை இருபத்தைந்துக்குள் கொண்டுவந்தால் கெடுவுக்கு முன் முடித்துவிடலாம்.

“இருபது வருஷம் சொல்லாம ஓட்டியிருக்கீங்க. மறைச்சீங்கன்னு நான் எழுதலை,” என்றார். “மறைக்கறவங்க இப்படி எழுதிக் கையில கொடுக்க மாட்டாங்க.”

திரும்பி வரும்போது கார் சயானைத் தாண்டியது.

“அந்த ஒரு பக்கத்தை விட்டுட்டுக் கொடுத்திருக்கலாம்,” என்றார் சுப்புலக்ஷ்மி. “நம்பரைப் பாத்துக் கண்டுபிடிச்சிருப்பாதான். இருந்தாலும் நாமளே தலைப்புப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டாம்.”

“ஃபைல்லேர்ந்து ஒரு பக்கத்தை உருவறதா? என்ன பேசறே நீ?”

கோயில் உண்டியலில் கை விடச் சொன்னது போல இருந்தது அவர் முகம்.

அடுத்த நாளே இருவரும் தாராவிக்குப் போனார்கள். நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் பெரியநாயகத்தின் காரேஜ். காரேஜ் என்பது ஒரு கார் நுழைந்தால் மெக்கானிக் வெளியே நிற்க வேண்டிய அளவு. பெரியநாயகம் நாங்குநேரிக்காரர், அறுபது வயது, நாற்பது வருஷமாக இந்தச் சந்தில் ஃபியட் மட்டும் பார்க்கிறவர். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினால் புகை அடங்கிவிடும் என்று சொல்லி வேலையைத் தொடங்கியும் விட்டார். வெங்கடராமன் தொண்டையைச் செருமினார்.

“பெரியநாயகம், அந்த டாக்டரோட பேர் என்ன?”

“எந்த டாக்டர் சார்?”

“பார்சி டாக்டர். தாதர்.”

“ஆங், டாக்டரா.” பெரியநாயகம் கையைத் துணியில் துடைத்தார். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தார். “மாமி, டீ குடிக்கியளா?”

“டீ அப்பறம் குடிக்கலாம். அவரோட கார் பேப்பர் வேணும்,” என்றார் வெங்கடராமன்.

“சார், வெள்ளத்துல ஒங்க எஞ்சினு பிளாக்கோட போயிட்டு. அன்னைக்கி நீங்க எங்கிட்ட என்ன சொன்னீய? ஞாவகம் இருக்கா?”

“என்ன சொன்னேன்?”

“எங்கெருந்து வேணும்னாலும் எஞ்சின் கொண்டா, டாக்ஸி எஞ்சின் மட்டும் என் வண்டிக்குள்ள வரப்படாதுன்னு சொன்னீய.”

“சொன்னேன்.”

“அந்த வருசம் பம்பாயில டாக்ஸியத் தவுர யாரு சார் ஃபியட்ட ஒடைச்சா? நான் எங்க போவேன்?”

பக்கத்துக் கடையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுவது நிற்கும்வரை வெங்கடராமன் காத்திருந்தார்.

“அப்போ டாக்டர்?”

“டாக்டரு நாஞ் சொன்னது சார். ஒங்களுக்குப் பொருத்தமா இருக்கும்னுட்டு.”

“தாதர்னியே.”

“வொர்லின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ்வளவு தூரத்துலெருந்து தூக்கியாந்தேன்னா கூலி எவ்வளவுன்னு கேப்பீயளோன்னு பயம்.”

சுப்புலக்ஷ்மி கீழே கிடந்த ஒரு போல்ட்டைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொய் சொன்னவரானாலும் பெரியநாயகம் காகிதத்தில் ஒழுங்கான ஆள். திருட்டு எஞ்சின் என்று போலீஸ் வந்து கேட்டால் காட்ட வேண்டும் அல்லவா. பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கி, பிளாஸ்டிக் உறைகளைப் புரட்டி ஒன்றை எடுத்தார். வடாலா சுரேந்திரன் என்பவரின் டாக்ஸி, 1983இலிருந்து 2005 வரை ஓடியது, பதிவு ரத்து செய்த ஆர்.சி. நகல், எஞ்சின் எண், விற்ற ரசீது. எல்லாம் இருந்தது. தன் கடிதத்தையும் எழுதிச் சேர்த்து உறையை சுப்புலக்ஷ்மியிடம் கொடுத்தார்.

“நல்ல எஞ்சின் சார். அந்த மனுசன் பெட்ரோல்ல மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுன ஆளில்ல. அதான் இன்னைக்கும் நிக்கி. டாக்டரு வண்டியா இருந்தா நின்ன எடத்துலயே துருப்பிடிச்சிருக்கும்.”

வெங்கடராமன் டீ குடிக்காமலே காரில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பைச் சொன்னார்.

“விட்டுடலாம்.”

“எதை?”

“ரெஜிஸ்ட்ரேஷனை. முடியட்டும். கார் கீழே கம்பவுண்ட்ல நிக்கட்டும். ஒரு போர்டு வெச்சுடலாம், இன்ன வருஷம், இன்ன மாடல்னு. டாக்ஸி எஞ்சின்னு ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, நோட்டரி முன்னாடி நின்னு சத்தியம் பண்ண என்னால முடியாது.”

“அக்கா?”

“டாக்ஸில போகட்டும்.”

“எந்த டாக்ஸில? டிக்கில சிலிண்டர் இல்லாத டாக்ஸி எங்க இருக்குன்னு ஒரு லெட்டர் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கோ.”

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, சுப்புலக்ஷ்மி அக்காவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். செவ்வாயும் போனார். அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. கார் அவர் பெயரில் இருந்தால் அவரே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆர்.சி.யில் இருந்தது வெங்கடராமன் பெயர். பிரமாணம் செய்ய வேண்டியது அவர்தான். கெடு ஒவ்வொரு நாளாகக் கரைந்தது. வெங்கடராமன் போர்டில் என்ன எழுதலாம் என்று நான்கு வரைவுகள் போட்டுப் பார்த்தார்.

இருபத்து நான்காம் தேதி, புதன்கிழமை காலை, சுப்புலக்ஷ்மி கோர்ட்டுக்கு வெளியே டைப் அடிப்பவரிடம் போய் ஸ்டாம்ப் பேப்பரில் பிரமாணப் பத்திரத்தை அடித்துக்கொண்டு வந்து, பேனாவோடு மேஜைமேல் வைத்தார். வெங்கடராமன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அரை மணி நேரம் கழித்து மூக்குக் கண்ணாடியைத் தேடுவது போல மேஜையைக் கடந்தார். இன்னொரு முறை கடந்தார். பதினொரு மணிக்குப் பேப்பர் அவர் கையில் இருந்தது.

“சுப்பு.”

“ம்.”

“எஞ்சினுக்குள்ள காரைப் பொருத்தியிருக்கறதா எழுதியிருக்கான்.”

“அப்படியா?”

“மூணாவது பாராவைப் பாரு. ‘நான் மேற்படி டாக்ஸியாக இருபத்திரண்டு வருஷம் ஓடி’ன்னு என் பேர்ல போட்டிருக்கான். நானே டாக்ஸியாம்.”

“நான் இன்னும் படிக்கலே,” என்றார் சுப்புலக்ஷ்மி, காய் நறுக்கிக்கொண்டே. “ஆனா வேற நேரமில்லே. நோட்டரி நாலு மணி வரைக்குந்தான் இருப்பாராம். இதையே கொடுத்துடலாம்.”

“இதையா? இதுல என் கையெழுத்தா?”

“நீங்கதான் போட மாட்டேன்னுட்டேளே. அது எப்படி இருந்தா என்ன?”

வெங்கடராமன் நின்றார். அந்தப் பேப்பரை மறுபடியும் பார்த்தார். அதில் அவருடைய பெயர் இரண்டு விதமாக இருந்தது. தேதி ஒன்று காலண்டரிலேயே இல்லாத தேதி. ஒரு வாக்கியம் முற்றுப்புள்ளி கிடைக்காமல் அடுத்த பக்கத்துக்கு ஓடிப்போயிருந்தது. அப்படி ஒரு காகிதம் தன் பெயரோடு இந்த வீட்டில் இருப்பதே அவருக்குத் தாங்கவில்லை. அந்த மூன்றாவது பாராவை மட்டும் திருத்துவதற்காக உட்கார்ந்தார்.

மூன்றாவதைத் திருத்தினால் இரண்டாவது பொருந்தவில்லை. இரண்டாவதை மாற்றினால் முகவுரை மாற வேண்டியிருந்தது. பன்னிரண்டு மணிக்குப் புதுத் தாள் எடுத்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதற்கு வரவில்லை. இரண்டு மணிக்கு நான்கு பக்கம், பதினோரு பாராக்கள் தயாராக இருந்தன. அடித்தல் திருத்தல் இல்லை. மேற்படி எஞ்சின், வடாலா சுரேந்திரன் என்பவர் வாடகைக்கு ஓட்டிய இன்ன எண்ணுள்ள டாக்ஸியிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஆறாவது பாரா நேராகச் சொன்னது. வேறொரு காரிலிருந்து வந்ததாகத் தனக்குச் சொல்லப்பட்டதையும், அதைத் தான் விசாரிக்காமல் நம்பியதையும், நம்புவதற்கு அது வசதியாக இருந்ததையும் ஏழாவது பாரா சொன்னது. ஏழாவது பாராவை ஆர்.டி.ஓ. கேட்கவில்லை.

சுப்புலக்ஷ்மி நின்றுகொண்டே படித்தார். முதலிலிருந்து கடைசிவரை.

“ஏழாவது நன்னா இருக்கு.”

“ஆறும் ஏழும் சேந்துதான் நிக்கும். ஒண்ணை எடுத்தா ஒண்ணு விழுந்துடும்,” என்றார் வெங்கடராமன். பிறகுதான் அவருக்குத் தான் என்ன எழுதியிருக்கிறோம் என்று உறைத்தது போலிருந்தது. தாளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நான்கு பக்கத்தையும் கிழித்துப் போட அவருக்கு ஒரு நிமிஷம் இருந்தது. பிழையில்லாத டிராஃப்ட்டை அவர் வாழ்நாளில் கிழித்ததில்லை.

“டைப் அடிக்கறவன் ஒரு எழுத்தை மாத்தப்படாது. பக்கத்துலயே நில்லு,” என்றார்.

நோட்டரி ஒரு வரிகூடப் படிக்காமல் நான்கு பக்கத்திலும் முத்திரை குத்தினார். வெங்கடராமன் கொஞ்சம் புண்பட்டார். அன்று சாயங்காலமே முகேஷின் வேனுக்குப் போனார்கள். கம்பி உள்ளே போய் வந்தது.

“ரெண்டு புள்ளி ஆறு. பாஸ் அங்கிள்.”

“இருபத்திரண்டு வருஷம் பம்பாய்க்கு உழைச்ச எஞ்சின்,” என்றார் வெங்கடராமன். “மண்ணெண்ணெய் வாசனையே அறியாதது.”

முகேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. சான்றிதழைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டான்.

மறுநாள் ஷைஸ்தா பிரமாணப் பத்திரத்தை முழுக்கப் படித்தார். ஏழாவது பாரா வந்ததும் ஒரு முறை தலையைத் தூக்கிப் பார்த்தார். எஞ்சின் எண் ஏறியது, மறுபதிவும் ஆனது. சங்கத்தின் நான்காவது விதிப்படி வெங்கடராமனின் கார் இனி சேர்த்தி இல்லை என்பதை வெங்கடராமனே சங்கத்துக்கு மூன்று பக்கக் கடிதத்தில் சுட்டிக்காட்டி, தலைவர் பதவியிலிருந்து விலகினார். துணி போர்த்திய காரின் சொந்தக்காரர் அன்றே தலைவரானார். ஓடுகிற கார் சங்கத்தில் இப்போது ஒன்றுமில்லை, அதனால் சர்ச்சைகளும் இல்லை.

செப்டம்பர் முப்பது செவ்வாய்க்கிழமை. கம்பவுண்டில் போர்டு வைக்கிற வேலையும் சங்க வேலையும் இல்லாமல் இருந்த வெங்கடராமன் தானும் வருவதாகச் சொல்லிப் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டார். செம்பூரில் சுப்புலக்ஷ்மி அக்காவை முன் பெஞ்சில் உட்கார வைத்து நகர்த்தினார். நாற்காலியை மடித்து டிக்கியில் வைத்தது வெங்கடராமன். முதல் தடவை தலைகீழாக வைத்தார்.

சிக்னலில் நிற்கும்போதுதான் சுப்புலக்ஷ்மி நடந்ததையெல்லாம் அக்காவிடம் சொன்னார். எஞ்சின் விஷயம் வந்தபோது அபயாம்பாளின் வாயின் இடது ஓரம் மட்டும் சிரித்தது. பேச்சு இன்னும் கொஞ்சம் குழறும். ஆனால் அவசரப்படாமல் கேட்டால் எல்லாம் புரியும்.

“எத்தனை வருஷம் கொடுத்திருக்கா?”

“அஞ்சு.”

“அவ்வளவு எனக்கு வேண்டாம்டி. ரெண்டு போறும். அதுக்குள்ள நடந்துடுவேன்.”

“மீதி மூணு வருஷம்?”

“அவரை உக்காத்தி வெச்சு ராலிக்கு அழைச்சுண்டு போ.”

“சாதாரண ரெஜிஸ்ட்ரேஷன்ல ராலிக்குப் போக முடியுமான்னு தெரியலே,” என்றார் பின்னாலிருந்து வெங்கடராமன். “எழுதிக் கேக்கணும்.”

விளக்கு பச்சையானது. சுப்புலக்ஷ்மி கியரைப் போட்டார். கிளினிக்குக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.